காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையோடு அருங்காட்சியகத்துக்கு

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ளவன். நன்றாகப் பேசுவான், பதற்றம் வந்தால் பேச்சு நின்றுவிடும். டைனோசர் என்றால் அவனுக்கு உயிர். சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒரு பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். உள்ளே நுழைந்ததும் சுவரில் தோளை உரசிக்கொண்டே ஓடினான். இருபது நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்து அலறத் தொடங்கிவிட்டான். அங்கிருந்த காவலர், பிள்ளையைக் கட்டுப்படுத்துங்கள், இல்லையென்றால் வெளியே கொண்டுபோங்கள் என்றார். எலும்புக்கூடு இருந்த கூடத்தை அவன் பார்க்கவே இல்லை. இப்போது அதே இடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 'அமைதி நேரம்' என்று அறிவித்திருக்கிறார்கள். மறுபடியும் போகலாமா, அல்லது அவனை வதைக்கிறோமா என்று தெரியவில்லை. எனக்கு ஆறு வயதில் ஒரு மகளும் உண்டு. கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாத என் தம்பிக்கும் வர ஆசை. ஆனால் அது குழந்தைகளுக்கான நேரம் என்று தயங்குகிறான்.
- ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே வேண்டாம். அடுத்த மாத அமைதி நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, இடையிலுள்ள வாரங்களை முன்தயாரிப்புக்கு ஒதுக்குங்கள். வதைக்கிறோமோ என்ற உங்கள் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு உயிரான ஒன்றைக் காட்ட அழைத்துச் செல்வதில் எந்த வதையும் இல்லை. தாங்க முடியாத நேரத்தில் அங்கிருந்து வெளியேற வழியில்லாமல் அவனை நிறுத்தி வைத்தால்தான் அது வதையாகும். அன்றாடச் செயல்களில் சிரமப்படுவோருக்குப் பயிற்சியளிக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பல குடும்பங்களின் இத்தகைய பயணங்களுக்குத் திட்டமிட்டுக் கொடுத்த அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது இது: எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம் என்று தெரிந்த பிள்ளை, உள்ளே அதிக நேரம் இருக்கும்.

சென்ற ஆண்டு நடந்தது அடம் அன்று என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது. அடம் பிடிக்கும் பிள்ளை, தன்னை யார் பார்க்கிறார்கள் என்று இடையிடையே கவனிக்கும். கேட்டது கிடைத்ததும் ஓய்ந்துவிடும். உங்கள் மகன் அன்று எதையும் கேட்கவில்லை. அவனுக்கு உயிரான டைனோசரின் எலும்புக்கூடு அதே கட்டடத்தில் இருந்தும் அவனால் எழுந்து போக முடியவில்லை. புலன்களின் வழியே வந்து குவிந்தவற்றை மூளையால் ஒழுங்குபடுத்த முடியாமல் போகும்போது ஏற்படுகிற, பெற்றோர் பலரும் 'மெல்ட்டவுன்' என்று குறிப்பிடுகிற நிலை அது. காய்ச்சலில் நடுங்குபவரிடம் நடுங்காதே என்று சொல்லிப் பயனில்லாததைப் போலவே, அந்த நிலையில் இருக்கும் பிள்ளையைக் கட்டுப்படுத்தச் சொல்வதிலும் பயனில்லை. அந்தக் காவலருக்கு இதை யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இருந்தாலும், அத்தனை பேர் முன்னிலையில் அந்தச் சொற்களைக் கேட்டு நின்ற உங்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது.

ஒலி, ஒளி, தொடுதல் முதலியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு, ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்தது. வளர்ப்பு சரியில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், இது உடலின் அமைப்பைச் சார்ந்தது, மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இனி அந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் பழியில் ஒரு பகுதி அதற்கும் உரியது. பெரிய அருங்காட்சியகங்களுக்கு உயர்ந்த கூரையும், கல் தரையும், கண்ணாடிப் பெட்டிகளும், திரைச்சீலையோ கம்பளமோ இல்லாத சுவர்களும் வாய்த்திருக்கின்றன. இவற்றில் எதுவும் ஒலியை உறிஞ்சுவதில்லை. எழுந்த ஒலி திரும்பத் திரும்ப எதிரொலித்துத் தேய்வதற்குள் அடுத்த ஒலி வந்து சேர்ந்துவிடுகிறது. நாற்பது மாணவர்கள் பேசிக்கொண்டு நுழையும்போது பெரியவர்களாகிய நாம் அந்த இரைச்சலைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டு நம் பிள்ளையின் குரலை மட்டும் பிரித்துக் கேட்கிறோம். அப்படிப் பிரிக்கும் திறன் உங்கள் மகனுக்கு எளிதில் வாய்க்கவில்லை என்றால், அந்த நாற்பது குரல்களும், காலடி ஓசையும், குளிர்சாதனத்தின் முனகலும், ஆள் நெருங்கினால் தானாகவே கர்ஜிக்கும் காட்சிப்பொருளும் ஒரே வலுவோடு அவன் காதில் விழுகின்றன.

ஒளியும் அப்படித்தான். காகிதம், துணி, இறகு, பதப்படுத்திய தோல் போன்றவை வெளிச்சத்தில் நிறம் மங்கிப்போகும் என்பதால், அவை வைக்கப்பட்ட கூடங்களில் ஒளியை ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவிலேயே வைத்திருப்பார்கள். சாதாரண அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். வெயிலிலிருந்து நுழைவு மண்டபத்துக்கும், அங்கிருந்து இருண்ட கூடத்துக்கும், மறுபடி ஒளி பாய்ச்சிய கண்ணாடிப் பெட்டிக்கும் சில நிமிடங்களுக்குள் மாறும்போது கண் தத்தளிக்கிறது. இருளுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடம்கூட ஆகலாம். பழைய குழல்விளக்குகள் இன்னும் இருக்குமானால், பெரும்பாலோர் உணராத அவற்றின் நொடிக்கு நூறு முறையோ அதற்கு மேலோ நிகழும் துடிப்பு சிலருக்குத் தலைவலியாகவே உறைக்கிறது.

அருங்காட்சியகம் எல்லோரையும் களைப்படையச் செய்யும் இடம் என்பது புதிய செய்தியும் அன்று. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிப் பெட்டிகளுக்குள் இருப்பதைப் பார்க்க ஒருவர் குனிந்தும் வளைந்தும் மண்டியிட்டும் படும் பாட்டைப் புகைப்படங்களாக எடுத்து, 'அருங்காட்சியகச் சோர்வு' என்ற தலைப்பில் 1916-இலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரியவர்களுக்குக் களைப்பூட்டிய ஓரிடத்தில், உங்கள் ஒன்பது வயது மகன் இருபது நிமிடம் தாக்குப்பிடித்திருக்கிறான். நான் அதைத் தோல்வியாக எண்ணவில்லை.

அடுத்து, உங்கள் மகனின் உடல் எதைத் தவிர்க்கிறது, எதைத் தேடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புலன் ஒருங்கிணைப்பு, அதாவது புலன்கள் தரும் தகவல்களை மூளை ஒழுங்குபடுத்திப் பயன்படுத்தும் விதம், பற்றிய கருத்தை 1960-களிலும் 1970-களிலும் வளர்த்தெடுத்த ஏ. ஜீன் ஏயர்ஸ் எங்கள் துறையைச் சேர்ந்தவர். ஐம்புலன்களோடு, உடலின் சமநிலையை உணர்த்தும் உட்காதின் புலனும், கைகால்கள் எங்கே எவ்வளவு அழுத்தத்தில் இருக்கின்றன என்பதைத் தசைகளும் மூட்டுகளும் உணர்த்தும் புலனும் நடத்தையைத் தீர்மானிக்கின்றன என்பதை அவர் வலியுறுத்தினார். பின்னர் அதே துறையைச் சேர்ந்த வின்னி டன் 1997-இல் முன்வைத்த விளக்கம், குறைவாகப் பதிவுசெய்வோர், தேடுவோர், எளிதில் உறுத்தலுக்கு ஆளாவோர், தவிர்ப்போர் என நான்கு போக்குகளைச் சொல்கிறது. ஒரே பிள்ளையிடம் ஒரு புலனில் ஒரு போக்கும் மற்றொன்றில் வேறொரு போக்கும் இருக்கலாம். உங்கள் மகன் ஒலியைத் தவிர்க்கிறான். அதே வேளையில், சுவரில் தோளை உரசிக்கொண்டு ஓடியது, தன் உடலுக்கு அழுத்தம் தேடியது போலத் தெரிகிறது. அன்று அவன் உங்களிடம் வாயால் சொல்ல முடியாததை அந்தத் தோள் சொல்லியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். அது முதல் எச்சரிக்கை, அலறல் கடைசி. இரண்டுக்கும் இடையில் இன்னும் சில அறிகுறிகள் இருந்திருக்கும்: ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, நுனிக்காலில் நடப்பது, சட்டைக் கழுத்தைக் கடிப்பது, முகம் வெளுப்பது, பேச்சு குறைவது. உங்கள் மகனுக்கு எது எந்த வரிசையில் வருகிறது என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து நினைவுகூர்ந்து எழுதி வையுங்கள். நான் சொல்லும் முன்தயாரிப்புகளில் மிகவும் பயனுள்ளது இதுவே.

அமைதி நேரம் என்ற அறிவிப்பை மட்டும் நம்பிப் புறப்பட்டுவிடாதீர்கள். இத்தகைய நேரங்கள் உலகின் பல அருங்காட்சியகங்களில் நடைமுறையில் உள்ளன. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் இதற்கெனச் சில நாட்களில் வழக்கத்துக்கு முன்பே கதவைத் திறக்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2011 முதல் தன் அருங்காட்சியகங்களில் பொதுமக்கள் வருவதற்கு முன்னரான காலை நேர நிகழ்வுகளை நடத்தி வருகிறது. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடப்பது இடத்துக்கு இடம் மாறுபடும். ஓரிடத்தில் ஒலிபெருக்கியை மட்டும் அணைத்துவிட்டு அமைதி நேரம் என்பார்கள். இன்னோரிடத்தில் வருகையாளர் எண்ணிக்கையைக் குறைத்து, ஒலி எழுப்பும் காட்சிகளை நிறுத்தி, ஓய்வறை ஒன்றைத் திறந்து, பணியாளர்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருப்பார்கள். ஆகவே முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அன்று எத்தனை பேரை உள்ளே விடுவார்கள், டைனோசர் கூடத்தில் ஒலியும் அசைவும் நிறுத்தப்படுமா, நுழைவாயில் சோதனையில் உடலைத் தொட்டுப் பார்ப்பார்களா, வெளியே போய்விட்டு அதே சீட்டில் திரும்பி வரலாமா, உட்கார ஓர் ஒதுக்கமான அறை உண்டா, அன்று தீ எச்சரிக்கை மணியைச் சோதித்துப் பார்ப்பார்களா என்பவை தவறாமல் கேட்க வேண்டியவை. கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அது சிறியவர்களின் காது உயரத்திலேயே மாட்டப்பட்டிருக்கும், முன்னறிவிப்பின்றிச் சீறும், காட்சிக் கூடத்தைச் சிறப்பாகக் கடந்த பிள்ளைகள் அங்கே உடைந்துபோவதை நான் அடிக்கடி கேள்விப்படுகிறேன். திரும்பி நுழையும் வசதி இல்லை என்று சொன்னால், உங்கள் நிலையை விளக்கி அதைக் கேட்டுப் பெறுங்கள். மற்றவை எல்லாம் இருந்து இது மட்டும் இல்லாவிட்டால் என் பார்வையில் அது அரைகுறை ஏற்பாடுதான்.

அமைதி நேரம் என்றால் எல்லோரும் அமைதியாக இருப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். உங்கள் மகனுக்கு ஒலி ஆகாது. அங்கே வரும் இன்னொரு பிள்ளைக்கு ஓயாமல் ஒலி எழுப்புவதே ஆறுதலாக இருக்கலாம். அதற்கும் அந்த நேரத்தில் அதே உரிமை உண்டு. எனவே காதுக்கவசத்தைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். தலைக்கு மேல் அணியும் வகை, பொருத்தமாக அமைந்தால், ஒலியை 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். ஆனால் அதை முதன்முதலாக அங்கே போய் மாட்டினால் அதன் அழுத்தமே புதிய தொல்லையாகிவிடும். வீட்டில் இப்போதிருந்தே சிறிது சிறிதாகப் பழக்குங்கள். தேவையான இடத்தில் அணிவதும் தேவையற்ற இடத்தில் கழற்றுவதும் அவன் கையில் இருக்கட்டும். நாள் முழுதும் அணிந்தே இருந்தால் சாதாரண ஒலியும் உறுத்தத் தொடங்கும் வாய்ப்புண்டு.

முன்தயாரிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது படக்கதை. ஆசிரியராகப் பணியாற்றிய கேரல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சமூகக் கதை' முறையைப் பின்பற்றி, நடக்கப்போவதைப் பிள்ளையின் இடத்திலிருந்து எளிய வாக்கியங்களில் சொல்வது அது. இதற்காக நீங்கள் ஒருமுறை தனியாகச் சென்று வாருங்கள். வாசல், சீட்டு வாங்கும் இடம், பையைச் சோதிக்கும் இயந்திரம், படிக்கட்டு, கழிவறைக் கதவு, டைனோசர் கூடத்தின் நுழைவு, அங்கிருந்து வெளியே போகும் வழி ஆகியவற்றை அவன் கண் உயரத்துக்குக் குனிந்து நின்று படம் எடுங்கள். நம் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் தெரியும் இடமும் அவன் காணப்போகும் இடமும் ஒன்றாக இரா. சில அருங்காட்சியகங்கள் இத்தகைய கதையையும், ஒலி மிகுந்த இடங்களைக் குறித்த வரைபடத்தையும் தாங்களே தருகின்றன. இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கதையில் பொய் மட்டும் கூடாது. "அங்கே சத்தமே இருக்காது" என்று எழுதி, போனவுடன் ஒரு குழந்தை வீறிட்டால், அதன்பின் உங்கள் எந்த வாக்கியத்தையும் அவன் நம்பமாட்டான். "சில நேரம் சத்தம் வரலாம். அப்போது நான் காதுக்கவசம் போட்டுக்கொள்ளலாம். வெளியே போக வேண்டுமென்றால் மஞ்சள் அட்டையை அம்மாவிடம் காட்டலாம். அம்மா உடனே கூட்டிப்போவார்" என்று எழுதுங்கள்.

அந்த மஞ்சள் அட்டையைப் பற்றி. பதற்றத்தில் அவனுக்குப் பேச்சு நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சொல் இல்லாமலே வெளியேற ஒரு வழி வேண்டும். கைக்கடக்கமான ஓர் அட்டை போதும். வீட்டில் தொலைக்காட்சி ஓடும்போது, விருந்தினர் வந்திருக்கும்போது, எங்காவது வரிசையில் நிற்கும்போது அதைப் பழகுங்கள். காட்டிய கணத்தில், ஏன் என்று கேட்காமல், "இன்னும் ஒரே நிமிடம்" என்று சொல்லாமல் அழைத்துச் செல்ல வேண்டும். முதலில் சோதித்துப் பார்ப்பதற்காகவே பலமுறை காட்டுவான். ஒவ்வொரு முறையும் நீங்கள் எழுந்து போக வேண்டும். பெற்றோருக்கு இது அலுப்பூட்டும், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அட்டைக்கு மதிப்பு உண்டு என்று அவன் நம்பிய பிறகுதான் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நிம்மதியாக நடப்பான்.

போகும் நாளில் டைனோசர் கூடம் ஒன்றே இலக்கு. மற்ற கூடங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்ற ஆசை நமக்கு வரும். சென்ற முறை அப்படித்தான் அவனுடைய தாங்குதிறன் வழியிலேயே தீர்ந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். நேராக அங்கே செல்லுங்கள். பசி, தாகம், சிறுநீர் உந்துதல் ஆகிய உடலின் உள் உணர்வுகளை இத்தகைய பிள்ளைகள் தாமதமாகவே உணர்வதுண்டு. அவன் கேட்கும்வரை காத்திராமல் நுழைவதற்கு முன்பே அவற்றைக் கவனித்துவிடுங்கள். தோளுக்கு அழுத்தம் தேடுபவன் என்பதால், ஓரளவு கனமான, அவனால் எளிதாகச் சுமக்கக்கூடிய முதுகுப்பை ஒன்றை மாட்டிவிடுங்கள்; உள்ளே போவதற்குமுன் சுவரை இரு கைகளாலும் பத்து முறை தள்ளச் சொல்லுங்கள். பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் எழுதிய கைப்பட்டை அவன் மணிக்கட்டில் இருக்கட்டும். ஓடும் பழக்கமுள்ள பிள்ளை என்பதை வாசலில் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் அணியும் சூரியகாந்திப் படமிட்ட கழுத்துப்பட்டி 2016-இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி இப்போது பல நாடுகளில் பழக்கத்தில் உள்ளது. அந்த அருங்காட்சியகப் பணியாளர்கள் அதை அறிந்தவர்கள் என்றால், ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லும் சுமை உங்களுக்குக் குறையும்.

எலும்புக்கூட்டின் முன் நின்று அவன் தரையின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருக்கலாம், ஒரே ஒரு பல்லை மட்டும் பத்து நிமிடம் பார்க்கலாம், தகவல் பலகையைப் படிக்க மறுக்கலாம். விட்டுவிடுங்கள். அவன் பார்க்கும் முறை அது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, அதாவது எழுதி வைத்த அறிகுறிகளில் முதலாவது தோன்றியதுமே, வெளியே வந்து சற்று இளைப்பாறுங்கள். விரும்பினால் மீண்டும் போகலாம். மொத்தம் நாற்பது நிமிடத்துக்கு மேல் முதல் முறை வேண்டாம்.

அப்படியும் நிலை மீறிவிட்டால் பேச்சைக் குறையுங்கள். சமாதானச் சொற்களும் அந்த நேரத்தில் ஒலிதான். ஒருவர் அவனருகே தரையில் அமரட்டும், மற்றவர் கூட்டத்தை விலக்கட்டும். அவனுக்குப் பிடிக்கும் என்று முன்பே தெரிந்தால் மட்டும் தோள்களை அழுத்திப் பிடிக்கலாம். அடங்கிய பிறகு விசாரணை வேண்டாம். தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். யாராவது எதையாவது கேட்டால், "அவனுக்குச் சத்தம் தாங்காது, சற்று இடம் கொடுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தை முன்பே மனத்தில் வைத்திருங்கள். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

உங்கள் மகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அண்ணனுக்கு முடியாமல் போனால் தானும் பாதியில் திரும்ப வேண்டும் என்பதை ஆறு வயதில் அவள் எத்தனை முறை பழகியிருப்பாளோ! இந்தமுறை இரண்டு பெரியவர்கள் செல்வது அவசியம். மகன் வெளியே வந்தாலும் மகள் உள்ளே தொடரட்டும். அவளுக்கு எந்தக் கூடம் வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

இங்கேதான் உங்கள் தம்பி வருகிறார். ஒலியும் கூட்டமும் ஒத்துக்கொள்ளாமை பிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், தலையில் அடிபட்டுத் தேறியவர்கள், எதிரொலிக்கும் கூடத்தில் எல்லா ஒலியும் சேர்ந்து இரைவதால் காதுக்கருவி அணிந்தும் திணறுபவர்கள் என இந்த நேரம் தேவைப்படுபவர்கள் பலர். சில இடங்களில் குழந்தையுடன் வருவோரை மட்டும் அனுமதிப்பதுண்டு. பெரியவர்களுக்குத் தனி நேரம் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கே விதி எப்படி என்று அதே தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தால், மருமகளுக்குத் துணையாக வருபவர் என்று சொல்லி அவரை அழைக்க வேண்டாம். தனக்காகவே வரச் சொல்லுங்கள். பொறுப்பைக் கணவரும் நீங்களும் பார்த்துக்கொண்டால், அவரும் தன் விருப்பம்போல் உள்ளே இருந்து, முடியாதபோது வெளியே வரலாம். மஞ்சள் அட்டை ஒன்று அவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும். மாமாவும் தன்னைப் போலவே அட்டையைக் காட்டி வெளியே வருவதைப் பார்க்கும்போது, உங்கள் மகன் அதைத் தனக்கு மட்டும் நேர்ந்த குறையாக நினைக்கமாட்டான்.

போய்வந்த அன்றே, நினைவு மங்குவதற்குள், அருங்காட்சியகத்துக்கு நான்கு வரி எழுதுங்கள்: எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எந்த ஒலி தொல்லை தந்தது, எந்தப் பணியாளர் எப்படி உதவினார், எது இருந்திருந்தால் இன்னும் சற்று நேரம் இருந்திருப்பான் என்று. பொதுவான பாராட்டோ குறையோ எழுதினால் அவர்களால் எதையும் மாற்ற முடியாது. "இரண்டாம் தளத்துக் கழிவறையின் கை உலர்த்தியை அந்த ஒரு மணி நேரம் அணைத்துவிட்டுத் துணியோ காகிதமோ வையுங்கள்" என்று எழுதினால் அடுத்த மாதமே மாற்றிவிடலாம். சென்ற ஆண்டு நடந்ததையும் அதில் குறிப்பிடுங்கள், அந்தக் காவலரைத் தண்டிக்கச் சொல்லி அல்லாமல், வாசலிலும் கூடங்களிலும் நிற்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கேட்டு.